நன்றாக வேலை செய்தால் மட்டும் போதாதா? அலுவலக அரசியல் திறனும் வேலையும்

ஓரத்து_மேசை எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. இங்கே பல துறைகளில் வேலை பார்ப்பவர்கள் இருப்பதால் கேட்கிறேன். எங்கள் டீமில் எனக்கும் இன்னொருவருக்கும் ஒரே பதவி, ஒரே பொறுப்பு. மற்ற பிரிவுகளிலிருந்து தகவல் வாங்கிச் சரிபார்த்து மாத அறிக்கை தயாரிக்க வேண்டும், அவ்வளவுதான். என் அறிக்கைகளில் பிழை குறைவு என்று எங்கள் மேலாளரே பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அப்ரைசலில் அந்த இன்னொருவருக்குத்தான் கூடுதல் ரேட்டிங், புதிதாக ஏதாவது பெரிய வேலை வந்தாலும் முதலில் அவர் பெயர்தான் அடிபடும்.

அவர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் போட்டுக் கொடுத்ததில்லை, அடுத்தவர் வேலையைத் தன் வேலை என்று காட்டிக்கொண்டதும் இல்லை. ஆனால் யாரிடம் எப்போது எதைப் பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒரு மாற்றத்தை முன்வைத்தால் மீட்டிங்கில் நாலு பேர் நாலு கேள்வி கேட்டு அது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். அதே போன்ற ஒன்றை அவர் கொண்டுவந்தால் யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை, அன்றைக்கே முடிந்துவிடுகிறது.

என் கேள்வி இதுதான். இந்தத் திறமை அவர் வேலையை உண்மையிலேயே நல்ல வேலையாக ஆக்குகிறதா, இல்லை சாதாரண வேலையை நல்ல வேலையாக மற்றவர்கள் கண்ணுக்குக் காட்டுகிறதா? முதலாவது என்றால் நானும் கற்றுக்கொள்ளத் தயார். இரண்டாவது என்றால் எனக்கு அதில் மனம் போகாது. பதில் சொல்பவர்கள் வெறும் ஆறுதல் சொல்லாமல் நேராகச் சொல்லுங்கள்.

நேர்கோடு எழுதியது:

நேராகவே சொல்கிறேன் நண்பரே. இரண்டாவதுதான். இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மேலே இருப்பவருக்கு ஐஸ் வைக்கத் தெரிந்தவர் மேலே போகிறார், தெரியாதவர் அவருக்காக அறிக்கை தயாரிக்கிறார். இதற்கு "திறன்" என்று பெயர் வைத்து, பயிற்சி வகுப்பு நடத்தி, சான்றிதழும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிழையில்லாமல் வேலை செய்பவருக்கு அதற்குரிய மரியாதை கிடைக்காத இடத்தில் கோளாறு அந்த இடத்தில்தான் இருக்கிறது, உங்களிடம் இல்லை.

ஆய்வு_மாணவி எழுதியது:

நேர்கோடு சார், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் காக்கா பிடிப்பதும் அரசியல் திறனும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் இந்த விஷயத்தில் பாதி கைநழுவிப் போய்விடும். நான் படிக்கும் துறை இதற்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980களின் தொடக்கத்திலேயே ஜெஃப்ரி பெஃபர், ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற இரண்டு நிர்வாகவியல் அறிஞர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். நிறுவனம் என்றாலே ஆளுக்கொரு நோக்கம், ஆளுக்கொரு அதிகாரம் இருக்கும் இடம், அங்கே காரியம் நடத்த ஒரு தனித் திறமை வேண்டும், அதுதான் அரசியல் திறன் என்பது அவர்கள் வாதம். ஆனால் அளந்து பார்க்க ஒழுங்கான கருவி வந்தது பின்னால்தான். ஜெரால்ட் ஃபெரிஸும் உடன் வேலை செய்தவர்களும் 2005இல் 18 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள், இன்றைக்கும் பெரும்பாலான ஆய்வுகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

அதில் நாலு பகுதி. ஆளையும் சூழலையும் சரியாகப் படிப்பது ஒன்று. எதிரில் இருப்பவருக்கு ஏற்றபடி பேச்சை மாற்றி அவரை இசைய வைப்பது இன்னொன்று. பல இடங்களில் ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பது மூன்றாவது. நாலாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: இவர் பேச்சில் உள்நோக்கம் எதுவும் இல்லை, மனதில் இருப்பதைத்தான் சொல்கிறார் என்று கேட்பவருக்குத் தோன்றுவது. முதல் மூன்றும் இருந்து இது இல்லை என்றால் மற்றவர்கள் உஷாராகிவிடுவார்கள், காரியம் நடக்காது.

நேர்கோடு சார் சொல்கிற ஐஸ் வைக்கும் விஷயத்தையே நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாரன் ட்ரெட்வேயும் மற்றவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அரசியல் திறன் உள்ளவர் மேலதிகாரியிடம் நயமாக நடந்துகொள்ளும்போது அதை மேலதிகாரி முகஸ்துதி என்று கண்டுபிடிப்பது குறைவாக இருந்தது. அதே ஆண்டு கென்னத் ஹாரிஸும் மற்றவர்களும் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இன்னும் பயனுள்ளது. தன்னைப் பற்றி நல்ல எண்ணம் வரும்படி நடந்துகொள்ளும் உத்திகளைத் திறன் உள்ளவர்கள் அதிகம் பயன்படுத்தியபோது மேலதிகாரியின் மதிப்பீடு கூடியது. திறன் இல்லாதவர்கள் விஷயத்தில் தலைகீழ், அவர்களில் அந்த உத்திகளைக் குறைவாகக் கையாண்டவர்களைத்தான் மேலதிகாரிகள் நல்லவிதமாகப் பார்த்தார்கள். அதாவது எல்லாரும் ஜால்ரா போட்டு மேலே வந்துவிட முடியாது, போடத் தெரியாதவர் போட்டால் இருப்பதும் கெடும்.

அப்புறம், ஓரத்து_மேசை கேட்டதற்கு வருகிறேன். மார்க் பிங்கும் உடன் வேலை செய்தவர்களும் 2011இல் பல ஆய்வுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். அரசியல் திறன் கூடினால் கொடுத்த வேலையைச் செய்வதும் மேம்படுகிறது, வேலையைச் சுற்றியுள்ள காரியங்களும் மேம்படுகின்றன. சுற்றியுள்ள காரியம் என்றால் சக ஊழியருக்கு உதவுவது, யாரும் கேட்காமலே ஒரு பொறுப்பை ஏற்பது, டீம் கலையாமல் பார்த்துக்கொள்வது போன்றவை. இந்த இரண்டாவதோடு உள்ள தொடர்புதான் வலுவானது. இன்னொன்றும் தெரியவந்தது, மனிதர்களோடு பழகியே ஆக வேண்டிய வேலைகளில் இந்தத் தொடர்பு கூடுகிறது. தனியாக உட்கார்ந்து முடிக்கக்கூடிய வேலையில் அந்த அளவுக்கு இல்லை.

ஆகவே உங்கள் வேலை எந்த வகை என்று முதலில் பாருங்கள். மற்ற பிரிவுகளிடமிருந்து தகவல் வாங்குகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஷிப்ட்_இன்சார்ஜ் எழுதியது:

ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது, என் தளத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பேக்கிங் லைன். அடிக்கடி சென்சார் தகராறு செய்யும், கன்வேயர் நின்றுவிடும். மெயின்டனன்ஸ் ஆள் வந்தால்தான் ஓடும், ஆனால் மெயின்டனன்ஸ் என் கட்டுப்பாட்டில் இல்லை, அவர்களுக்குத் தனி மேலாளர், தனி முன்னுரிமை.

எங்களிடம் இரண்டு சூப்பர்வைசர்கள். ஒருவருக்கு இயந்திரம் அத்துப்படி, எந்த சென்சார் ஏன் அடி வாங்குகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். லைன் நின்றதும் போன் எடுத்து, "லைன் நின்னுபோச்சு, உடனே ஆளை அனுப்புங்க, இல்லன்னா மேலே மெயில் போடுவேன்" என்பார். போடவும் செய்வார், எங்கள் மேலாளர், அவர்கள் மேலாளர், இருவரையும் சிசியில் வைத்து. மெயின்டனன்ஸ் என்ன செய்யும்? புகாரைப் பதிவு செய்து வரிசையில் வைக்கும். விதிப்படி சரிதான், குறை சொல்ல முடியாது.

இன்னொருவர், பெண். இயந்திர அறிவு முதலாமவர் அளவுக்கு இல்லை. ஆனால் ஷிப்ட் தொடங்கும்போதே மெயின்டனன்ஸ் அறைப் பக்கம் போய் இன்றைக்கு யார் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வார். ஒரு நாள் லைன் நின்றபோது அங்கே இருந்த எல்லாரும் பாய்லர் வேலையில் மாட்டியிருப்பது அவருக்கு முன்னமே தெரியும். "அண்ணே, எப்போ ஒரு ஆள் ஒழியும்?" என்று மட்டும் கேட்டார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதான் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு அந்த சென்சார் தேவைப்படாத பெரிய அளவு பெட்டிகளை முன்னால் எடுத்து ஓட்டினார், ஸ்டோரில் மாற்று சென்சாருக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கித் தயாராக வைத்தார். ஒரு ஆள் சாப்பாட்டு ஓய்விலேயே வந்து மாற்றியதும் லைன் ஓடியது. ஷிப்ட் குறிப்பேட்டில், மெயின்டனன்ஸ் ஊழியர் தன் ஓய்வு நேரத்தில் வந்து சரிசெய்தார் என்று பெயரோடு எழுதினார். அதை அவர்கள் மேலாளரும் படிப்பார் என்று அவருக்குத் தெரியும்.

ஷிப்ட் முடிவில் எத்தனை பெட்டி வெளியே போனது என்று ஒரு எண் வரும். அது யாருக்கும் ஐஸ் வைத்து வாங்கும் எண் இல்லை. மாதக் கடைசியில் அந்தப் பெண்ணின் எண் தொடர்ந்து மேலே இருக்கிறது. முதலாமவர் இன்றைக்கும் நல்ல தொழிலாளிதான், சொல்லப்போனால் இயந்திரப் பழுதில் எனக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவேன்.

ஓரத்து_மேசை, உங்கள் நண்பரின் அறிக்கை எப்போது மேலே போகிறது, உங்களுடையது எப்போது போகிறது? அதைச் சொல்லுங்கள்.

நேர்கோடு எழுதியது:

ஷிப்ட்_இன்சார்ஜ் சொன்ன பெண்ணை நான் எப்படிக் குறை சொல்வேன், அவர் செய்தது முழுக்க வேலைதான். பெட்டிக் கணக்கு இருப்பதால் உங்கள் இடத்தில் உண்மை தெரிகிறது. பெட்டிக் கணக்கு இல்லாத அலுவலகங்களைத்தான் நான் பேசுகிறேன்.

ஆய்வு_மாணவி, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொல்லும் ஆய்வுகளில் வேலைத்திறனை அளந்தது யார்? மேலதிகாரியின் மதிப்பெண்தானே? மேலதிகாரியின் மனதைக் கவர்வதே இந்தத் திறமையின் ஒரு பகுதி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனதைக் கவரத் தெரிந்தவருக்கு, மனம் கவரப்பட்டவர் நல்ல மதிப்பெண் போட்டார் என்பது ஒரு கண்டுபிடிப்பா? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தானே வருகிறோம்.

நான் ஒருவருக்குக் கீழே வேலை பார்த்தேன். மேலே பேசும்போது தேன் ஒழுகும், கீழே எங்களைப் பிழிந்தெடுப்பார். இரவு பத்து மணிக்கு அழைத்துக் கத்துவார், காலையில் இயக்குநர் முன்னால் என் தோளில் கைபோட்டு "இவர் இல்லாவிட்டால் நானில்லை" என்பார். மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள். அவருக்குப் பதவி உயர்வு வந்தது. உங்கள் 18 கேள்வியை அவரிடம் கொடுத்திருந்தால் எல்லாவற்றிலும் உச்ச மதிப்பெண் வாங்கியிருப்பார்.

ஆய்வு_மாணவி எழுதியது:

சார், இந்தக் கேள்வி சரியான கேள்வி, துறைக்குள்ளேயே இது ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொன்ன ஆளைப் பற்றியும் ஆய்வு உண்டு. அதே ட்ரெட்வேயும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்டது, சக ஊழியர்களை மிரட்டித் துன்புறுத்துபவர்களின் வேலை மதிப்பீடு எப்படி இருக்கிறது என்று பார்த்தது. அப்படிப்பட்டவரிடம் அரசியல் திறனும் சேர்ந்திருந்தால் மேலதிகாரிகள் அவருக்கு நல்ல மதிப்பெண்ணே போடுகிறார்கள் என்று வந்தது. யாரிடம் எகிறலாம், யாரிடம் எகிறக் கூடாது என்று அவருக்குத் தெரிகிறது. ஆகவே இந்தத் திறன் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, கையில் வைத்திருப்பவரைப் பொறுத்தது. அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு இதைப் புகழ்பவர்களோடு எனக்கும் உடன்பாடு இல்லை.

அளவு பற்றிய உங்கள் எதிர்ப்பையும் ஏற்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. தன் திறனையும் தன் வேலையையும் ஒரே ஆள் தானே மதிப்பிட்டுக்கொண்ட ஆய்வு என்றால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். திறனை ஊழியரும் வேலையை மேலதிகாரியும் மதிப்பிட்டால் கொஞ்சம் பரவாயில்லை, அதிலும் நீங்கள் சொல்லும் ஓட்டை இருக்கிறது. ஆனால் மேலதிகாரியின் கண்ணோடு சம்பந்தமே இல்லாத விளைவுகளும் கிடைத்திருக்கின்றன. பமேலா பெரூவேயும் மற்றவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒரே ஆளிடம் ஒருவர் ஒன்றும் இன்னொருவர் அதற்கு எதிரானதும் கேட்கும் நிலை வேலையில் வருமே, அந்த நெருக்கடியில் பதற்றம், உடல் உபாதை, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். அரசியல் திறன் கூடுதலாக உள்ளவர்களிடம் அந்த நெருக்கடியின் தாக்கம் குறைவாக இருந்தது. இரத்த அழுத்தத்துக்கு யாரும் ஐஸ் வைக்க முடியாது.

2015இல் டிமோதி மன்யனும் ஃபெரிஸும் மற்றவர்களும் செய்த பெரிய தொகுப்பாய்வும் இதே திசையில்தான் போகிறது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, வேலையில் நிறைவு, நிறுவனத்தோடு ஒட்டுதல், வேலையின் விளைவு, நற்பெயர், பதவி வளர்ச்சி எல்லாம் கூடுகின்றன, உடல் ரீதியான அழுத்தம் குறைகிறது. இதில் நற்பெயர் இருக்கிறதே, அது நடுவில் நின்று பாதி வேலையைச் செய்கிறது. ஒருவர் பெயர் நன்றாக இருந்தால் அவர் கேட்கும் தகவல் சீக்கிரம் வருகிறது, தகவல் சீக்கிரம் வந்தால் வேலை நன்றாக முடிகிறது, முடிந்தால் பெயர் இன்னும் ஏறுகிறது. இதில் எது தோற்றம், எது உண்மை என்று கத்தி வைத்துப் பிரிப்பது கடினம். ஓரத்து_மேசை பிரிக்கச் சொல்வது இதைத்தான்.

பத்து_பேர்_டீம் எழுதியது:

நான் மதிப்பெண் போடும் பக்கத்தில் இருப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் ஊழியர்களில் நிறையப் பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை.

பல நிறுவனங்களில் ரேட்டிங்கை நேர் மேலாளர் மட்டும் முடிவு செய்வதில்லை. மேலாளர்கள் எல்லாரும் ஓர் அறையில் உட்காருவோம். மேல் ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்று ஒரு வரம்பு இருக்கும், அதற்குள் அடக்க வேண்டும். நான் ஒரு பெயரைச் சொல்வேன். அந்த நொடியில் மற்ற மேலாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பாதி முடிந்துவிடும். "ஆமா, போன மாசம் எங்க பக்கம் ஒரு சிக்கல் வந்தப்போ அவர்தான் உதவினார்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். "யாரு அவர்?" என்று ஒருவர் கேட்டால் நான் ஐந்து நிமிடம் விளக்க வேண்டும், எத்தனை அறிக்கை, எத்தனை பிழை என்று அட்டவணை காட்ட வேண்டும். அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், ஆனால் அடுத்தவர் வாய்மொழியாகச் சொன்ன ஒரு வரிக்கு இருக்கும் கனம் அந்த அட்டவணைக்கு இருக்காது. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. எனக்கே இதில் வருத்தம் உண்டு. ஆனால் இப்படித்தான் நடக்கிறது, தெரிந்துகொள்வது நல்லது.

அதனால் என் டீமில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவர் வேலையையும் பயன்படுத்துபவர் யார் என்று பார்த்து அவரிடம் வருடத்தில் சில தடவை நானே போய்க் கேட்பேன், "இவர் கொடுக்கும் வேலையால் உங்களுக்கு என்ன மிச்சமாகிறது, எங்கே சிரமம்?" என்று. அமைதியாக இருப்பவர்களைப் பற்றி அங்கேதான் நல்ல செய்தி வரும். வாய்ச்சொல் மட்டும் உள்ளவர்களைப் பற்றியும் அங்கேதான் தெரியும், மீட்டிங்கில் பளபளவென்று இருப்பவரின் வேலையைக் கடைசியில் வேறொருவர் உட்கார்ந்து திருத்துகிறார் என்று. நேர்கோடு சாருக்கு வாய்த்த மேலதிகாரியை அவருக்கு மேலே இருந்தவர்கள் கண்டுபிடிக்காமல் போனதற்குக் காரணம், கீழே இருப்பவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. அது மேலாளர்களின் தோல்வி என்றே நான் சொல்வேன்.

வாய்பேசா_விசைப்பலகை எழுதியது:

எனக்கு நாலு பேர் கூடி நின்று பேசுகிற இடத்தில் நின்றாலே களைப்பாக இருக்கும். பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வேலை. காபி குடிக்கும் இடத்தில் நடக்கும் பேச்சு எதுவும் என் காதுக்கு வராது. இதெல்லாம் கலகலப்பானவர்களுக்கு மட்டுமே கைகூடுகிற திறமை என்றால் என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

ஆய்வு_மாணவி எழுதியது:

கலகலப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நிறையப் பேசுகிறவர் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நாலு பகுதியில் முதலாவது, அதாவது ஆளைப் படிப்பது, பேசாதவர்களுக்கு இயல்பாகவே வரலாம். அப்புறம் இது பிறவியிலேயே பூட்டி வைத்த குணம் என்று ஃபெரிஸ் போன்றவர்கள் சொல்லவில்லை, ஒரு பகுதி இயல்பு, ஒரு பகுதி அனுபவமுள்ளவரோடு பழகியும் பயிற்சியாலும் வளர்வது என்கிறார்கள்.

முப்பது_வருஷ_கோப்பு எழுதியது:

தம்பி வாய்பேசா_விசைப்பலகை, நானும் அதிகம் பேசாதவள்தான். ஓய்வு பெறப் போகிறேன். ஒரு அக்காவாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில் நீ எதையும் சாதிக்க வேண்டியதில்லை. மீட்டிங்குக்கு முன்னால் ஒருவரோடு ஒருவராகப் பேசு, அது போதும். ஒரு மாற்றத்தை முன்வைக்கப் போகிறாய் என்றால் அதனால் யாருக்கு வேலை கூடும் என்று முதலில் யோசி. அந்த ஒருவரிடம் முன்கூட்டியே போய், "இப்படி ஒண்ணு யோசிச்சிருக்கேன், உங்க பக்கம் இதனால என்ன தொந்தரவு வரும்?" என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவர் சொல்வதில் பாதியாவது நியாயமாக இருக்கும், அதைத் திட்டத்தில் சேர். மீட்டிங்கில் அவர் எதிர்க்க மாட்டார், ஏனென்றால் அதில் இப்போது அவர் சொன்னதும் இருக்கிறது. ஓரத்து_மேசை சொன்ன அந்த நண்பரின் காரியங்கள் ஏன் சீக்கிரம் முடிகின்றன என்பதற்கு என் ஊகம் இதுதான், மீட்டிங் நடக்கும் முன்பே அவர் மீட்டிங்கை முடித்துவிடுகிறார்.

இதில் பொய் எங்கே இருக்கிறது, நேர்கோடு தம்பி? திட்டமும் முன்பைவிட நல்ல திட்டமாக ஆகிவிடுகிறதே.

எழுத்திலும் செய்யலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு எழுத்துதான் முகம். ஒருவர் உதவினால் அவருக்கு நன்றி மெயில் போடுவதோடு நிறுத்தாமல் என்ன உதவி, அதனால் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி அவர் மேலாளரையும் சிசியில் வைத்துவிடு. புகார் சொல்லும்போது மட்டும் எல்லாரும் சிசியைத் தேடுகிறார்கள். ஆனால் உண்மையாக உதவியிருந்தால் மட்டும் எழுது. சும்மா எழுதினால் இரண்டாவது தடவையே தெரிந்துபோகும்.

நேர்கோடு எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வதில் பொய் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டியே கேட்பது, உதவியதைச் சொல்வது எல்லாம் நல்ல வேலையின் பகுதிதான். என் சண்டை அதோடு இல்லை.

ஆனால் தனி ஆளின் திறனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் இடத்தைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறோம். யாருக்கு எதற்காகப் பதவி கொடுக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத இடம், விதி ஒன்று நடப்பது ஒன்று என்று இருக்கும் இடம், அங்கே ஒவ்வொருவரும் காலையில் வந்ததும் முதலில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். அங்கே வேலை செய்பவருக்கு இந்தத் திறமையைக் கற்றுக்கொள் என்று அறிவுரை சொன்னால் பழி முழுவதையும் அவர் தலையில் போடுவதாக ஆகும். ஆய்வு_மாணவி, இதைப் பற்றியும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், எனக்கு எதிராக இருந்தாலும் பரவாயில்லை.

ஆய்வு_மாணவி எழுதியது:

உங்கள் பக்கம்தான் இருக்கிறது சார். தன் நிறுவனத்தில் எல்லாம் அரசியலாகவே நடக்கிறது என்று ஊழியர் உணர்வதை 1989 முதல் ஃபெரிஸும் மிஷல் காக்மரும் தனியாக ஆராய்ந்து வருகிறார்கள், அது தனி ஆளின் திறனிலிருந்து வேறானது. 2009இல் சூ-சியாங் சாங், கிறிஸ்டஃபர் ரோசன், பால் லெவி மூவரும் செய்த தொகுப்பாய்வில், அந்த உணர்வு கூடக் கூட மன அழுத்தம் ஏறுகிறது, உற்சாகம் இறங்குகிறது, அந்த இரண்டின் வழியாக வேலைத்திறனும் குறைகிறது, வேலையை விட்டுப் போகும் எண்ணமும் வருகிறது என்று காட்டினார்கள். ஆகவே ஒரு ஊழியரின் அரசியல் திறன் அவர் வேலையை உயர்த்தலாம், ஒரு நிறுவனத்தின் அரசியல் மொத்தப் பேருடைய வேலையையும் தாழ்த்தலாம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், நீங்கள் சொல்வது சரி.

ஓரத்து_மேசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு தூரம் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஷிப்ட்_இன்சார்ஜ் கேட்ட கேள்வியை வைத்துப் பழைய மெயில்களைப் புரட்டினேன். என் அறிக்கை பிழையில்லாமல் போகிறது, ஆனால் பெரும்பாலும் கடைசி நாள் மாலையில் போகிறது. அவருடையது அதற்கு முன்னாலேயே போய்விடுகிறது. தாமதத்துக்குக் காரணம் விற்பனைப் பிரிவு, எனக்கு அவர்கள் தகவலைக் கடைசியில்தான் தருவார்கள். அவருக்கு முன்பே தருகிறார்கள். ஏன் என்று இன்று அவரிடமே கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். நாங்கள் கேட்கும் அட்டவணையில் இரண்டு பத்திகளை விற்பனைப் பிரிவு கையால் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டியிருக்கிறதாம், அது அவர்களுக்குப் பெரிய எரிச்சல். அவர் அந்த இரண்டு பத்தியையும் தானே கணக்கிட்டுக்கொள்வதாகச் சொல்லி மூலத் தகவலை மட்டும் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் விஷயம். அவருடைய அறிக்கையில் பிழை கொஞ்சம் கூடுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம், ஆனால் மேலிடத்துக்கு அந்த எண்கள் முன்கூட்டியே கிடைப்பது முக்கியமாக இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

பத்து_பேர்_டீம் சாரிடம் ஒரு கேள்வி. நானும் மூலத் தகவலை வாங்கி நானே கணக்கிட்டால் வேலை கூடும், ஆனால் பிழையும் இல்லாமல் சீக்கிரமும் தர முடியும் என்று நினைக்கிறேன். இதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் தம்பட்டம் அடிப்பது போல ஆகாதா?

பத்து_பேர்_டீம் எழுதியது:

ஆகாது. முதலில் விற்பனைப் பிரிவில் தகவல் தரும் அந்த ஆளிடம் போய்ப் பேசி, இந்த மாதமே ஆரம்பித்துவிடுங்கள், அவருக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் ஓடட்டும். பிறகு மேலாளரிடம் தனியாகப் பேசும்போது, அறிக்கை இப்போது இந்தத் தேதிக்கு வருகிறது, முன்னால் இந்தத் தேதிக்கு வந்தது, மாற்றியது இது, விற்பனைப் பிரிவுக்கு மிச்சமானது இவ்வளவு, இந்த யோசனை உங்கள் சக ஊழியரிடமிருந்து வந்தது என்று அதே வரிசையில் சொல்லுங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் கணக்கீட்டு முறையை அவருக்கும் கொடுங்கள், அவருடைய பிழையும் குறையும். நான் உங்கள் மேலாளராக இருந்தால் அதன் பிறகு இரண்டு பெயரையும் சேர்த்தே அந்த அறைக்குக் கொண்டுபோவேன், "யாரு அவர்?" என்று கேட்க விற்பனைப் பிரிவு மேலாளருக்கு அப்போது தேவை இருக்காது.